புதுப்பிப்பு: அப்பாவுக்கு அந்த ஊசி போட்ட பிறகு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததையும், மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முன் "மூளையில் ரத்தக்கசிவு வரலாம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும்: 24 மணி நேரம் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேனில் கசிவு இல்லை.

பயந்தது வீண் இல்லைதான். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு உடல்நிலையை மோசமாக்கும் கசிவு வந்தது, போடாதவர்களில் 0.6. ஆனால் மூன்று மாதம் கழித்துப் பெரிய குறையில்லாமல் நடமாடியவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம்.

அப்பாவுக்கு வயது 74, சர்க்கரை 240, பிரஷர் 200/110. மூன்றுமே கசிவுக்குத் தோதானவை. பிரஷர் 185/110க்குக் கீழே இறங்கும்வரை டாக்டர் அந்த ஊசியைத் தொடவே இல்லை. எனக்கோ எரிச்சல். "அடைபட்ட இடத்துல குழாய்ச் சுவர் நைஞ்சிருக்கும் தம்பி, கட்டி கரைஞ்சதும் ரத்தம் வேகமா பாயும்" என்றார். அப்புறம் முதல் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். பட்டை இறுக்கிய தடம் கையில் அப்படியே பதிந்துவிட்டது. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின்கூட மறுநாள் ஸ்கேனுக்குப் பிறகுதான்.

வார்ஃபாரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 1.7ஐத் தாண்டினால் பொதுவாக இந்த ஊசி போடமாட்டார்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பேச்சு இன்னும் குழறுகிறது. இன்று காலை காபியில் சர்க்கரை இல்லை என்று திட்டினார், அது மட்டும் தெளிவாகவே கேட்டது.