பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘பென்னி லேன்’ பாட்டுக்கு விளக்கம் சொல்லப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

பழைய_டேப்:
ஆபீசுக்கு வந்த லிவர்பூல்காரரை, அதாவது பீட்டில்ஸ் ஊர்க்காரரை, இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனோம். பீட்டில்ஸ் பேச்சு வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, பாட்டை வரிவரியாக விளக்க ஆரம்பித்துவிட்டேன். ‘ஃபோர் ஆஃப் ஃபிஷ்’ என்றால் நாலு பென்னிக்கு மீன், சிப்ஸ். அதுவரை சரி. கூடவே வரும் ‘ஃபிங்கர் பை’? மீனை விரல் நீளத்துக்கு நறுக்கி மாவுக்குள் வைத்துச் சுடுவார்கள், நம் சோமாசி மாதிரி என்று அடித்துவிட்டேன். எங்கள் மேனேஜர் மேடம் உடனே அவர் பக்கம் திரும்பி, “லிவர்பூல் வந்தால் முதலில் அதைத்தான் சாப்பிடப் போகிறேன்” என்றார். மனிதர் கிள்ளிய நான் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காது இரண்டும் தக்காளி. அப்புறம் கை கழுவும் இடத்தில் காதோடு சொன்னார்: அந்த ஊர்ப் பையன்கள் பெண்களிடம் பண்ணும் சேட்டைக்கு வைத்த பெயராம் அது. மேடத்திடம் இன்றுவரை சொல்லவில்லை.

பூனைக்கண்:
அந்தப் பாட்டில் நர்ஸ் தட்டில் வைத்து விற்பது நாய்க்குட்டி என்றே கல்லூரி முடியும்வரை நினைத்திருந்தேன். பப்பி என்றுதான் காதில் விழுந்தது! இங்கிலாந்துக்குப் படிக்கப் போன முதல் நவம்பரில், ரயில் நிலைய வாசலில் ஒரு தாத்தா கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு சிவப்புக் காகிதப் பூ விற்றார். பாப்பி. போரில் செத்தவர்களுக்காகக் குத்திக்கொள்வது. குளிரில் அங்கேயே நின்று சிரித்தேன், அவர் முறைத்தார்.

மூணாம்_பிளாட்பாரம்:
நடந்ததை அப்படியே பார்த்து எழுதிய பாட்டு என்று இருவரும் நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், அதுதான் தப்பு. பூ விற்பது நவம்பர், மீன் வரியில் கோடை என்றே வருகிறது, நடுவில் கொட்டுகிற மழை, மேலே நீல வானம். சின்ன வயதில் பஸ் மாறிய இடத்தை, பாட்டை எழுதிய பீட்டில்ஸ்காரர் பால் மெக்கார்ட்னி மொத்தமாக நினைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். பென்னி லேன் என்ற பெயர் லிவர்பூலில் ஒரு தெருவுக்கு மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்துக்கே உண்டு. என் கதை சின்னது: மழையிலும் ‘மேக்’ போடாத பேங்க்காரர் வரிக்கு என் மகன், “அவர் விண்டோஸ் ஆள்பா” என்றான். பாட்டு 1967, ஆப்பிளின் மேக் கணினி 1984. மேக் என்பது மழைக்கோட்டு. 1823ல் ரப்பர் வைத்த துணிக்குக் காப்புரிமை வாங்கிய மேக்கின்டாஷின் பெயர். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்த மாதிரிப் பாட்டுக்கு அகராதியைத் திறக்காதீர்கள். முதலில் வரைபடத்தில் ரவுண்டானாவைத் தேடுங்கள், நடுவில் இருக்கிற ஷெல்டர்தான் பாட்டில் வருவது. பிறகு எந்த மாதம் என்று பாருங்கள். பழைய காசுக் கணக்கு தெரிந்துகொள்ளுங்கள், 1971க்கு முன் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. கடைசியாக, அந்த ஊர்ப் பெரியவர் யாரையாவது தனியாகக் கேளுங்கள். தனியாக! சாப்பாட்டு மேசையில் இல்லை.

பூவரசு:
அந்தப் பூ விசயத்தை இங்கிலாந்தோட முடிச்சிடாதேங்கோ. நான் இந்தப் பாட்டைப் போட்டு நர்ஸ் வரியை விளக்கேக்க எங்கட அப்பப்பா ரேடியோவை நிப்பாட்டச் சொன்னார். இலங்கையிலயும் நவம்பர் 11 பாப்பி வித்தவையாம், சேர்ந்த காசில பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனதாம். 1933இல இடதுசாரி இளைஞர் அதுக்குப் போட்டியா சூரியமல், அதான் எங்கட பூவரசம்பூ, வித்தவை. பாட்டைத் திரும்பப் போட விடவே இல்லை. முற்றத்துப் பூவரசில ஒரு மஞ்சள் பூவைப் பிடுங்கி என்ர சட்டைப் பொத்தானில செருகிவிட்டார்.

பழைய_டேப்:
@மூணாம்_பிளாட்பாரம் தனியாகக் கேட்டிருக்கலாம்தான். மேடம் அடுத்த மாதம் லிவர்பூல் போகிறார், என்ன செய்யலாம் சொல்லுங்கள்.