அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார்

குளக்கட்டு:
கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறோம். அண்ணனுக்கு 46 வயது. 2009இல் முகாமில் இருந்து பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் தடுப்பில் வைத்திருந்தார்கள். அங்கே தன்னை என்ன செய்தார்கள் என்று போன மாரியில், யானைக் காவலுக்கு வயலில் படுத்திருந்த இரவு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு அந்தக் கதையே இல்லை. இப்போது மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம்தான், விடு என்று கடையில் குளிசை வாங்கிப் போடுகிறார். அரைப் போத்தல் சாராயம் உள்ளே போகாமல் நித்திரை இல்லை. அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. இவரை எப்படி டொக்டரிடம் கூட்டிப் போவது?

வயல்காரன்:
தம்பி, நானும் அந்த வழியால் வந்தவன்தான். பல்லுக்கொதி தாங்காமல் அழுதிருக்கிறேன், ஆனால் பல் டொக்டரிடம் போகவில்லை, ஏனென்றால் அந்தக் கதிரையில் மல்லாக்கக் கிடக்க வேண்டும், மேலே ஒருவர் குனிந்து நிற்பார், வாயையும் திறக்க வேண்டும். பல்லுக்குப் பயந்தவன் என்று வீட்டில் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசியில் மச்சான்தான் "நானும் உள்ளே வந்து கதவடியில் நிற்கிறேன்" என்றார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

முறிகண்டி:
வழக்குப் போடலாமே?

வயல்காரன்:
இலங்கைத் தண்டனைச் சட்டம் 363ஆம் பிரிவில் வல்லுறவு என்றால் பெண்ணுக்கு நடப்பது மட்டும்தான். ஆணுக்கு வேறு பிரிவு, வேறு பெயர். சரி, அதை விடுங்கோ, முதலில் இரத்தத்தைப் பார்ப்போம்.

வெள்ளைச்சப்பாத்து:
தாதியாக இருக்கிறேன். நடந்ததை முழுக்கச் சொல்லத் தேவையில்லை. "பின்பக்கம் சோதிப்பது எனக்குக் கஷ்டம், சொல்லிவிட்டுத் தொடுங்கோ, நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கோ" என்றால் போதும். சிலருக்கு ஆண் டொக்டர் என்றால்தான் பயம், அதனால் பெண் டொக்டர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். இந்த வயதில் இரத்தம் போவதை மூலம் என்று தானே முடிவு கட்டக்கூடாது, குடல் புற்றுநோயிலும் இப்படிப் போகும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி எல்லாம் இத்தனை வருடம் கழித்தும் இரத்தத்தில் பார்க்கலாம், அரச எஸ்.டி. கிளினிக்கில், அதாவது பாலியல் நோய்களைப் பார்க்கும் கிளினிக்கில், காசில்லை. சாராயத்தை மட்டும் ஒரே நாளில் விடச் சொல்லாதீர்கள், தினம் இவ்வளவு குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கி வலிப்பும் வரலாம். அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். இரவில் மனம் குழம்பினால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

குளக்கட்டு:
வயல்காரன் அண்ணை, உங்கள் பல்லுக் கதையை யாரோ ஒருவருடையது என்று சொல்லி அவரிடம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, உள்ளே போனால் கதவைப் பூட்டுவார்களா என்று கேட்டார். திரைதான் இழுப்பார்கள், நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன் என்றேன். செவ்வாய் காலை போகிறோம்.