சூழல் மாறி கோப்பை அனுப்புமா?

அன்பர்களே,
எல்எஃப் என்ற முனையக் கோப்பு மேலாளியின் கையேட்டைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கெடு. அதிலிருந்து ஷெல் (தட்டச்சிடும் கட்டளைகளை இயக்கும் நிரல்) கட்டளை ஒன்றை ஏவினால், கர்சர் நிற்கும் கோப்பின் பாதை 'எஃப்' என்ற பெயரில் கட்டளைக்குப் போகும். குறியிட்ட கோப்புகள், வரிக்கு ஒன்றாக, 'எஃப்எஸ்' என்ற பெயரில் போகும். 'எஃப்எக்ஸ்' கொஞ்சம் சமர்த்து: குறியிட்டவை இருந்தால் அவை, இல்லாவிட்டால் கர்சர் நிற்பது. ஆங்கிலத்தில் 'என்விரான்மென்ட் வேரியபிள்' எனப்படும் இவற்றைச் 'சூழல் மாறி' என்று எழுதினேன். "சூழல் மாறி கோப்பை அனுப்பும்" என்ற வரியைப் படித்த என் மனைவி, "சூழல் மாறினால் யார் கப் அனுப்புகிறார்கள்?" என்கிறாள். வேறு சொல் உண்டா?
– ந.

தம்பி ந.,
உங்கள் வரியில் பிழையில்லை. வினையெச்சமானால் 'மாறிக் கோப்பை' என்று வலி மிகும், எழுவாயானால் மிகாது. வீட்டில் சொல்லுங்கள். ஆனாலும் 'சூழ்மாறி' மேல். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். சூழ்தல் என்றால் ஆராய்தலும்தான். குறள் 671இல் சூழ்ச்சி என்பது கலந்தாய்வு, சதியன்று. கட்டளை கலந்தாலோசிக்கும் மாறி என்று பொருள் விரியும்.
– சொ.

ஐயா, திரையில் ஒற்றைப் பார்த்துப் பொருள் பிரிப்பவர் நீங்கள் ஒருவர்தான்! சூழ்ச்சி என்றால் என் மாணவர்கள் வைரஸ் என்பார்கள். போன வாரம் ஒரு பையன் ஷெல்லில் 'எஃப்'பின் மதிப்பை மாற்றிவிட்டு, "எல்எஃப்பில் மாறவில்லையே மேடம்" என்றான். கட்டுச்சோறு கதைதான் சொன்னேன். ஊருக்குப் போகிற பிள்ளை வழியில் பொட்டலத்தில் உப்பைப் போட்டுக்கொண்டால், வீட்டுக் குழம்பில் உப்பு ஏறுமா? போவது நகல். அதனால் 'உடன்மதிப்பு' என்கிறேன்.
– க.

அக்கா, கதை அருமை, சொல் வேண்டாம். 'மாறி' பள்ளிக் கணக்கிலேயே ஊறிவிட்டது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த சரக்கு இது. பிழை வந்தால் எல்லாரும் ஆங்கிலப் பெயரில்தான் தேடுவார்கள். 'என்விரான்மென்ட் வேரியபிள்' என்றே எழுதினால் என்ன குறை?
– மு.

குறை என்னவா? மடற்குழுவைக் கலைத்துவிடலாமே!
– சொ.

கையேட்டை அனுப்பிவிட்டேன். 'சூழல் மாறி'யே இருக்கட்டும் என்று மூன்று பேர் தனிமடலில் சொன்னார்கள். வரியை மட்டும் "கோப்பின் பாதையைச் சூழல் மாறி ஏந்திச் செல்லும்" என்று திருத்தினேன். க. அக்காவின் கட்டுச்சோற்றை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.
– ந.

ஏற்கவில்லை, பதிவு செய்கிறேன். அப்புறம், அந்த 'மேலாளி' யார்? கோப்புக்கு முதலாளி தனியாக இருக்கிறாரா?
– சொ.