கனக்க கருவியள் இருக்கிற வீட்டுக்கு என்ன ரவுட்டர் வாங்கினீங்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவிலில் இருந்து:

நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் கனடாவில இருந்து வந்து எங்களோட நிண்டவை. 25 நாளும் வீடு நிறைய ஆக்கள். மூண்டாம் நாளே வைஃபை இழுபடத் தொடங்கீட்டுது. அம்மா பின்னேரம் விளக்கு வைச்சிட்டு, சாமியறையில இருந்தபடிதான் லண்டனில இருக்கிற பெரியம்மாவோட வீடியோவில கதைக்கிறவ. கதை நடுவில பெரியம்மாவின்ர முகம் அப்பிடியே நிண்டிடும். "அக்கா, கேக்குதோ? கேக்குதோ?" எண்டு கேட்டுக்கொண்டு அம்மா ஒவ்வொரு அடியா விறாந்தைப் பக்கம் வருவா. தூணடிக்கு வரேக்கதான் முகம் அசையும். முழங்கால் வருத்தக்காரி, நிலைப்படியைப் பிடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் நிண்டு கதைப்பா. அதைப் பாக்க எனக்குப் பொறுக்கேல்ல.

அண்டிரவு ரவுட்டரின்ர செற்றிங் பக்கத்தைத் திறந்து என்னென்ன இணைஞ்சு நிக்குது எண்டு எண்ணினன். 27. போன், லாப்டொப், ரெண்டு ரீவி, பிள்ளையளின்ர டப், சிசிரிவிப் பெட்டி, வெளிக் கமரா ரெண்டு, மேல பூட்டின சோலாரின்ர இன்வேட்டர், பிரிண்டர். இணைப்பு தந்த நேரம் பைபரோட சேத்துத் தந்த பெட்டி ஒண்டுதான் இவ்வளவையும் சுமந்துகொண்டிருந்தது. ஆக்கள் கூடினதுதான் காரணம் எண்டு நினைச்சு, அடுத்த நாளே யாழ்ப்பாண ரவுணுக்குப் போனன்.

கடையில ஆறு அன்ரனா உள்ள ஒண்டைக் காட்டி, "தம்பி, இது மதிலையும் தாண்டிப் போகும்" எண்டு சொல்லிச்சினம். பெட்டியில ஏஎக்ஸ் 3000 எண்டு பெரிசா அடிச்சிருந்தது. அந்த 3000 எப்பிடி வந்தது எண்டு பேந்துதான் படிச்சன். வைஃபை ரெண்டு அலைப்பட்டையில ஓடும்: 2.4 கிகாஹேட்ஸில 574 மெகாபிற், 5 கிகாஹேட்ஸில 2402, ரெண்டையும் கூட்டிக் கிட்டத்தட்டப் போட்ட இலக்கம் அது. ஒரு போன் ஒரு நேரத்தில ஒரு பட்டையிலதான் நிக்கும், அதனால அந்த 3000 ஒரு தனிக் கருவிக்கும் கிடைக்காது.

கொண்டுவந்து பழைய பெட்டி இருந்த அதே இடத்தில, முன்னறையில ரீவிக்குப் பின்னால, இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில வைச்சன். முன்னறையில வேகம் பறந்தது. சாமியறையில ஒரு மாற்றமும் இல்லை. அம்மா திரும்பவும் தூணடிக்கு வந்தா.

எங்கட வீடு அப்பப்பா கட்டினது. உள்ச்சுவர் எல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்பும், ஒண்டரை அடி மொத்தம். பின்பக்கம் பிறகு கொங்கிறீற் பிளாட் போட்டுக் கட்டினது, அதுக்குள்ள கம்பி. 5 கிகாஹேட்ஸ் அலை வேகமானது, ஆனால் உப்பிடிச் சுவர் ரெண்டைக் கண்டால் அதில மிச்சம் ஒண்டும் இராது. 2.4 கொஞ்சம் கூட ஊடுருவும், வேகம் குறைவு. அன்ரனா எத்தினை எண்டாலும் ரவுட்டர் அனுப்பிற பலத்துக்குச் சட்டத்தில ஒரு எல்லை இருக்கு. இன்னொண்டு, ரவுட்டர் சொல்லுறது போனுக்குக் கேட்டால் மட்டும் காணாது, போன் சொல்லுறதும் ரவுட்டருக்குக் கேக்க வேணும். போனுக்குள்ள இருக்கிறது சின்ன அன்ரனா, அது அவ்வளவு தூரம் எடுபடாது.

இதை எனக்கு விளங்கப்படுத்தினவர் எங்கட வீட்டுக்கு வயரிங் செய்த அண்ணை. அவர் ரவுட்டரைப் பாக்கவே இல்லை. "அம்மா எங்க இருந்து கதைக்கிறவ?" எண்டுதான் முதல் கேட்டவர். போனில சிக்னல் அளக்கிற ஒரு செயலியைப் போட்டு, அறை அறையா என்னோட நடந்தவர். முன்னறையில மைனஸ் 45, சாமியறையில மைனஸ் 79. வீடியோவில இழுபடாமல் கதைக்க மைனஸ் 67க்குக் கிட்டவாவது வேணும் எண்டார். (மைனஸ் எண்டபடியால் இலக்கம் சின்னனாக ஆகத்தான் சிக்னல் பலம்.)

பைபர் வந்து சேருற பழைய பெட்டியை அந்த இடத்திலேயே விட்டிட்டு, கற் 6 எண்ட நெற்வேர்க் கேபிளை ஓட்டுக்குக் கீழால இழுத்து நடு ஹோலுக்குக் கொண்டுவந்தம். புது ரவுட்டரை அங்க ஆள் உயரத்துக்கு மேல பூட்டினவர். ரீவி ரெண்டுக்கும் சிசிரிவிப் பெட்டிக்கும் வயர் குடுத்தாச்சு. அசையாத சாமானுக்கு வைஃபை தேவையில்லை, அதுகள் விலகினால் போனுகளுக்குத்தான் இடம் கூடும். இப்ப சாமியறையில மைனஸ் 60. புது ரவுட்டர் வீண் இல்லை, ஆனால் அந்தக் கேபிள் இல்லாட்டி அது முன்னறைக்கு மட்டும்தான் பிரயோசனம்.

வாங்க இருக்கிறவைக்கு ஒண்டு: பின்னால கேபிள் கொழுவுற துளையள் கிகாபிற்றோ (1000 மெகாபிற்) எண்டு பாருங்கோ. விலை குறைஞ்ச சிலதில வைஃபை 1200 எண்டு போட்டிருப்பினம், துளை 100 மெகாபிற்தான். பைபர் 300 வந்தாலும் 100க்கு மேல உள்ள போகாது.

நீர்வேலியில் இருந்து:

அண்ணை, பழைய தலைமுறை வைஃபை 5 காணுமோ, புது வைஃபை 6 (பெட்டியில ஏஎக்ஸ் எண்டு போட்டிருக்கிறது) வேணுமோ எண்டு கனபேர் கேக்கினம். எங்கட தோட்டத்தை வைச்சுச் சொல்லுறன். வெங்காயத்துக்கு இறைக்கேக்க ஒரு பாத்தி நிரம்பினாப் பிறகுதான் அடுத்த பாத்திக்கு மடை திறக்கிறது. சின்னப் பாத்தியோ பெரிய பாத்தியோ, மற்றது காத்துக்கொண்டு நிக்கும். பழைய வைஃபையும் பெரும்பாலும் அப்பிடித்தான், ஒவ்வொரு கருவிக்கும் முறை. வைஃபை 6இல அதே வாய்க்காலைப் பிரிச்சு நாலைஞ்சு பாத்திக்கு ஒருமிக்க விடலாம். வேகம் கூடுறதை விட, காத்திருக்கிறது குறையும். எங்கட வீட்டில 15 கருவிக்கு மேல, அதனால எனக்கு வித்தியாசம் தெரிஞ்சது. ஆனால் போனும் வைஃபை 6ஆ இருந்தால்தான் அந்தப் பலன். 2019க்கு முந்தின போனுகள்தான் கூட எண்டால் அவசரப்பட வேண்டாம்.

பருத்தித்துறையில் இருந்து:

நான் முதல் வாங்கினது ரிப்பீற்றர், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பிற பெட்டி. மேல்மாடியில மகள் ஒன்லைன் வகுப்பு எடுக்கிறவ, அவவுக்காக. சிக்னல் கோடு நிறையக் காட்டும், வகுப்பு இழுபடும். ஒரே அலையில வாங்கி அதே அலையில திருப்பி அனுப்பிறபடியால் வேகம் பாதியாப் போகும் எண்டு பிறகுதான் விளங்கிச்சு. படிக்கட்டுப் பக்கத்தால கேபிள் விட்டு, பழைய ரவுட்டரை மேல அக்செஸ் பொயின்ற் (கேபிளால வாறதை வைஃபையா விடுற பெட்டி) ஆக்கினாப் பிறகு பிள்ளை நிம்மதியாப் படிப்பிக்கிறா.

அதில எனக்கு ஒரு வில்லங்கம் வந்தது. ரெண்டு பெட்டியும் கருவியளுக்குத் தனித்தனியா நெற்வேர்க் முகவரி குடுக்கத் தொடங்கி, கீழ இருக்கிற பிரிண்டரை மேல இருக்கிற லாப்டொப் காணவே இல்லை. அந்த வேலையை (செற்றிங்கில டிஎச்சிபி எண்டு இருக்கும்) ஒரு பெட்டிதான் செய்ய வேணும், மற்றதில அதை நிப்பாட்டி விடுங்கோ.

சாவகச்சேரியில் இருந்து:

எங்களுக்கு இன்னும் செம்புக் கம்பி லைன்தான். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில ரெண்டு ரவுட்டர் கருகிப்போச்சு, ரெண்டு முறையும் கறண்ட் வயரைக் கழட்டியிருந்தன், ரெலிபோன் வயரைக் கழட்டேல்ல. மின்னல் வந்தது அதாலதான். பைபர் கண்ணாடி நார், அதால வராது. ஆனால் கறண்ட் பக்கத்தால வரும், அதைக் கழட்டத்தான் வேணும்.

புது ரவுட்டருக்குக் காசு போட முதல், லாப்டொப்பை வயரால கொழுவி வேகத்தைப் பாருங்கோ. வயரிலேயே 8 மெகாபிற் எண்டால் எந்த ரவுட்டரும் அதைக் கூட்டித் தராது.

கொக்குவிலில் இருந்து:

சாவகச்சேரி அண்ணை சொன்னது மெத்தச் சரி. கறண்ட் எண்டவுடன இன்னொண்டு ஞாபகம் வருது. 2022இல 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டின நேரம் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினனான். 12 வோல்ற், 1 அம்பியர். பழைய பெட்டி அதில வடிவா ஓடினது. புதுசைக் கொழுவினால் ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நிண்டு நிண்டு எழும்பும். அடப்டரைத் திருப்பிப் பாத்தன், 12 வோல்ற், 2 அம்பியர். ரவுட்டர் பழுது எண்டு திருப்பிக் குடுக்கவே வெளிக்கிட்டிட்டன். வாங்கேக்க அந்தச் சின்ன எழுத்தைப் பாத்து, அதுக்கேத்த யூபிஎஸ்ஸையும் சேத்து வாங்குங்கோ. பைபர் பெட்டிக்கும் தனியா ஒண்டு வேணும், அது நிண்டால் ரவுட்டர் ஓடியும் பிரயோசனம் இல்லை.

நீர்வேலித் தம்பி தனிச்செய்தியில கேட்டிருந்தார், சோலார் இன்வேட்டர் புது ரவுட்டரில ஏறேல்ல எண்டு. எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. அதுவும் வெளிக் கமராவும் 2.4 மட்டும்தான் பிடிக்கும், டபிள்யூபிஏ 3 எண்ட புது வைஃபைப் பாதுகாப்புப் பூட்டும் அதுகளுக்குத் தெரியாது. 2.4க்குத் தனிப் பேர் ஒண்டு வைச்சு, டபிள்யூபிஏ 2இல விடுங்கோ, ஏறும். பழைய பேரையும் பழைய கடவுச்சொல்லையுமே அதுக்குக் குடுத்தால் ஒவ்வொண்டாத் திருப்பி இணைக்கவும் தேவையில்லை.

கிணத்தடிக் கமரா மட்டும் இன்னும் இடைக்கிடை விழுது, மைனஸ் 76. மாரி முடிய அதுக்கும் குழாய்க்குள்ளால வயர் இழுக்கிறதா அந்த அண்ணை சொல்லியிருக்கிறார். இழுத்தவுடன இலக்கத்தை இஞ்ச போடுறன்.