சக்கரம் சுற்றியதும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறதா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அக்கா மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து ஒரு புளூடூத் கார் செய்தோம். ஆர்டுயினோ ஊனோ (காரின் மூளையான சின்னக் கணினிப் பலகை), அது சொல்வதற்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், எச்.சி-05 புளூடூத் மாட்யூல், கியர் வைத்த நான்கு மஞ்சள் பிஓ மோட்டார், ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரி. கையில் தூக்கிப் பிடித்தால் நான்கு சக்கரமும் அழகாகச் சுற்றும். தரையில் வைத்தால் ஒரு துள்ளல், அப்புறம் அசைவே இல்லை. எச்.சி-05 விளக்கு மறுபடி வேகமாகச் சிமிட்டத் தொடங்கிவிடும், இணைப்பு போயிருக்கும்.

இரண்டு நாள் புரோகிராமையே குடைந்துகொண்டிருந்தேன். பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தால் 9.1 வோல்ட், அதனால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. "மாமா, ஓடும்போது அளந்து பாத்தீங்களா?" என்று அவள்தான் கேட்டாள். சக்கரங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தோம். 5 வோல்ட்டுக்கும் கீழே! அதனால்தான் ஆர்டுயினோ ரீசெட் ஆகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நொடியில் ஒரு பிஓ மோட்டாரே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்குக்கும் சேர்த்துக் கொடுக்க அந்தச் சின்னப் பேட்டரியால் முடியாது, அதன் உள் மின்தடை அதிகம். போதாததற்கு எல்298என் தன் பங்குக்கு 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும்.

ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்களான 18650 இரண்டைத் தொடராக இணைத்தோம். முழு சார்ஜில் 8.4 வோல்ட், டிரைவர் விழுங்கியது போக மோட்டாருக்கு 6 வோல்ட் அளவில் கிடைக்கிறது. கார் ஓடியது. ஆனாலும் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது சட்டென ரிவர்ஸ் கொடுத்தால் எப்போதாவது ரீசெட். டிரைவரின் பவர் முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒவ்வொரு மோட்டார் முனைகளுக்கு இடையிலும் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெபாசிட்டரும் வைத்தேன். பெருமளவு குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

—

தம்பி, செல் ஹோல்டரைப் பாருங்கள். மலிவு ஹோல்டரில் ஸ்பிரிங் கம்பி மெல்லியது, மோட்டார் ஓடும்போது அதிலேயே வோல்டேஜ் விழும். தொட்டால் சுடும். செல்லின் முனைக்கும் ஹோல்டர் ஒயருக்கும் நடுவில் அளந்தால் தெரிந்துவிடும். அப்புறம், செல்லின் மேல் கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். நல்ல 18650 செல்லே 3500 அளவில்தான் இருக்கும். அப்படி வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன்.

—

நான் ரீசெட்டுக்குப் பயந்து ஆர்டுயினோவுக்குத் தனி பேட்டரி கொடுத்தேன். கார் சொன்ன பேச்சே கேட்கவில்லை. இரண்டு பேட்டரியின் மைனஸையும் சேர்க்க மறந்திருக்கிறேன்! ஒரே ஒரு ஒயர், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

—

அண்ணா, ஹோல்டரை அளந்தேன். ஒரு ஸ்பிரிங்கில் மட்டும் 0.4 வோல்ட் விழுகிறது. ஸ்பிரிங்கின் மேலிருந்து அடிவரை தடித்த செம்புக் கம்பி ஒன்றைச் சால்டர் செய்தேன். நேற்று மாலை முழுக்க ரிவர்ஸ் அடித்தாள், ஒரு தடவைகூட ரீசெட் ஆகவில்லை.