ஸ்டியரிங் வீல் சப்போர்ட் இல்லாத கேம்ல “நிஜ கார் மாதிரியே” ஓடுமாம்ல, யாரு சொன்னது?

கியர்மணி:
நேத்து இங்க ஒருத்தர் போட்டுருந்தாரு, ஜிடிஏ 5-ல வீல் சப்போர்ட் இல்லாட்டி என்னா, எக்ஸ்360சிஇன்னு ஒரு சாப்ட்வேர் போட்டு, வீல எக்ஸ்பாக்ஸ் பேட்னு (கையில புடிக்கிற கன்ட்ரோலர்) கேம ஏமாத்திட்டா நிஜ கார் மாதிரியே ஓடும்னு. குடிச்ச தே தாரிக் டீ மூக்குல ஏறிருச்சு. அண்ணே, பேட் இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாப்ட் சொல்ற டெட்சோன் (ஸ்டிக்க அசைச்சாலும் கேம் கண்டுக்காத நடு எடம்) 32767-ல 7849, அதாவது 24 சதவீதம். லாஜிடெக் ஜி29 வீல் மொத்தம் 900 டிகிரி சுத்தும், ஒரு பக்கம் 450. கணக்கு போடுங்க, 108 டிகிரி திருப்புற வரைக்கும் கார் திரும்பாது. இதுதான் நிஜ காரா?

செம்பனை_ராஜா:
நான்தான் போட்டேன், பேர சொல்லியே பேசுலா, பயமா? எக்ஸ்360சிஇ-லயே அந்த டெட்சோன தாண்ட ஆன்டி டெட்சோன்னு ஒரு கட்டம் இருக்கு, ஏத்திவிட்டா போச்சு. வீல் சுத்துற ரேஞ்சையும் 270 டிகிரிக்கு இறக்கிட்டேன். சுங்கை சிப்புட்ல உக்காந்துக்கிட்டு நல்லாத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

கியர்மணி:
270-க்கு இறக்கிட்டா அது வீல் இல்ல, ஊறுகாய் ஜாடி மூடி. 108 டிகிரிக்கு பதில் சொல்லு.

பால்மரம்77:
அந்த 7849 சும்மா ஒரு பரிந்துரைதான் மணி, கேமுக்கு கேம் மாறும். உண்மையான தலைவலி ஃபோர்ஸ் ஃபீட்பேக்தான் (ரோடு இழுக்குறத வீல் கையில காட்டுறது), பேட்ல இருக்குறது நடுங்குற மோட்டார் ரெண்டு, அதனால ரோடு இழுக்குறது எதுவும் கையில தெரியாது, வீல் மாவு மெஷின் மாதிரி சும்மா உதறும்.

கியர்மணி:
பரிந்துரையோ என்னவோ, 108 டிகிரி 108 டிகிரிதான்.

செம்பனை_ராஜா:
எங்கப்பா இருவது வருஷம் எஸ்டேட்ல செம்பனை லோரி ஓட்டுனாரு, அந்த ஸ்டியரிங்கே கால் சுத்து ஆடுனப்புறம்தான் டயருக்கு சேதி போவும். அப்ப அது நிஜ வண்டி இல்லயா? காலைல எஸ்டேட்ல பெரட்டு (ஆள் கணக்கு) எடுக்குற மண்டோர் (கங்காணி) மாதிரி ஒரே நம்பர கூவாதலா.

கியர்மணி:
கால் சுத்துன்னா 90, அதுவே 18 டிகிரி கம்மி 😂 உங்கப்பா லோரியே உன் செட்டப்புக்கு தேவலாம் போல.

செம்பனை_ராஜா:
அப்பாவ இழுக்காத.

கியர்மணி:
இழுத்தது நீ.

ரப்பர்கொட்டை:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். தனியா விளையாடுறதுக்கு மேனுவல் ட்ரான்ஸ்மிஷன்னு ஒரு மோட் (கேமோட சேத்துக்குற கூடுதல் ஃபைல்) இருக்கு, அது வீல நேரா படிக்கும், பேட் வேஷமே வேணாம், ஃபோர்ஸ் ஃபீட்பேக்கும் வரும். ஆன்லைன் பக்கம் மட்டும் கொண்டு போவாதீங்க.

கியர்மணி:
மோட் பத்தி யாரும் கேக்கல தங்கச்சி. எக்ஸ்360சிஇ பத்தி பேச்சு. 108.

ரப்பர்கொட்டை:
தங்கச்சியா? போன வருஷம் 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) என்கிட்ட தள்ளிவிட்டியே ஒரு பழைய ஜி27 வீலு, அதுல கிளட்ச் மிதிச்சா மேல வராது, அப்ப எங்க போச்சு இந்த கணக்கெல்லாம்?

பால்மரம்77:
ஓ, அந்த வீலா! என்கிட்டயும் “ரெண்டு தடவதான் மிதிச்சேன்”னு சொன்னான்.

கியர்மணி:
அது ஸ்பிரிங் பிரச்சினை, எண்ணெ விடணும், வாங்குறப்பவே சொன்னேன். பேச்ச மாத்தாதீங்க.

செம்பனை_ராஜா:
ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, ஓட்டியே காட்டுறேன். உன் 108 எங்க இருக்குன்னு பாப்போம்.

கியர்மணி:
வரேன். மவனோட ஜியோமெட்ரி பெட்டியிலேருந்து கோணமானியும் எடுத்துட்டு வரேன்.

ரப்பர்கொட்டை:
அப்படியே 350 வெள்ளியையும் எடுத்துட்டு வா.