மொரிஷியஸ் நோட்டில் இரண்டாவது வரி: ஆட்சி மொழியா, அச்சு வரிசையா?

சில்லறை:
அந்தப் படம் மறுபடி வாட்ஸ்அப்பில் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. மொரிஷியஸ் 100 ரூபாய் நோட்டு, தமிழ் எழுத்தைச் சுத்தி சிவப்பு வட்டம், மேல "தமிழை இரண்டாவது ஆட்சி மொழியாக்கிய தீவு நாடு"ன்னு கொட்டை எழுத்து. நேத்து வைகைக்கரையான் அதை இங்கயும் ஒட்டிட்டு "தலைநிமிர்வோம்"னு போயிட்டார். நிமிர்றதுக்கு முன்னாடி படிச்சிருக்கலாம். மொரிஷியஸோட 1968 அரசமைப்பின் 49ஆம் பிரிவு சொல்றது இவ்வளவுதான்: நாடாளுமன்றப் பேரவையின் அதிகாரப்பூர்வ மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினா பிரெஞ்சிலயும் பேசலாம். அதுல தமிழும் இல்ல, இந்தியும் இல்ல. நோட்டுல இருந்தா ஆட்சி மொழின்னா, நம்ம இந்திய நோட்டோட பின்பக்கப் பட்டியல்ல 15 மொழி இருக்கு, நேபாளி உட்பட. டெல்லியில நேபாளியிலயா கோப்பு எழுதுறாங்க?

வைகைக்கரையான்:
ஐயா சில்லறை, பட்டியலில் பத்தோடு பதினொன்றாக இருப்பதும் ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் இருப்பதும் ஒன்றா? மொரிசியசு நோட்டில் முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்குப் பிறகுதான் இந்தி. இரண்டாவது வரி. பெரும்பான்மை இந்து மக்கள் பீகார்ப் பக்கத்து மொழியான போச்புரி பேசியவர்களின் வழி வந்தவர்கள். அப்படிப்பட்ட நாட்டில் தமிழ் இரண்டாவது வரியில் நிற்கிறது என்றால் காரணம் இல்லாமலா? உங்களுக்கு ஏன் எரிகிறது?

சில்லறை:
எரியல. கணக்கு கேட்கிறேன். இரண்டாவது வரி இரண்டாவது வரின்னு சொல்றீங்களே, அந்த வரிக்கு 1998இல் என்ன நடந்ததுன்னு தெரியுமா? அந்த வருஷக் கடைசியில மொரிஷியஸ் வங்கி புது வரிசை நோட்டு விட்டுச்சு. எல்லா மதிப்புக்கும் ஒரே அமைப்பு, ஒவ்வொண்ணுலயும் ஒரு தலைவர் படம். அதுல வரிசை மாறிப்போச்சு: ஆங்கிலம், இந்தி, தமிழ். அங்க இருக்கிற தமிழர்கள் தெருவுக்கு வந்தாங்க. நோட்டைத் திரும்ப வாங்கிட்டு 1999இல் பழைய வரிசைப்படி மறுபடி அச்சடிச்சாங்க. போராட்டம் பண்ணித் திருப்பி வாங்கினது ஒரு அச்சு வரிசை. அரசாணை இல்ல.

வைகைக்கரையான்:
நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்! ஒரு நாட்டு மத்திய வங்கி அச்சடித்த நோட்டையே திரும்பப் பெற்றிருக்கிறது, தமிழ் மூன்றாவது வரிக்குப் போனதால். வெறும் அச்சு வரிசைக்கு எந்த நாடு இதைச் செய்யும்? இரண்டாவது வரி என்பது உரிமை.

யாழிசை:
உரிமைதான் அண்ணா. ஆனா ஆட்சி மொழி உரிமை இல்லையே. ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசுறீங்க. "ஆட்சி மொழி"ன்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு...

சில்லறை:
தங்கச்சி, அதெல்லாம் அப்புறம். எனக்கு ஒரே கேள்வி: நாணயத்துல தமிழ் எங்கே? ஒரு ரூபாய்க் காசை எடுங்க. ஒரு பக்கம் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் தலை, மறுபக்கம் ஆங்கிலத்துல மதிப்பு. தமிழ் இல்ல. ஆட்சி மொழி நோட்டுல மட்டும் ஆட்சி பண்ணி, சில்லறையில லீவு போடுமா?

வைகைக்கரையான்:
உங்கள் பெயருக்கேற்ற கேள்வி.
காரணம் சொல்கிறேன், கேளுங்கள். 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே, இன்றைய தலைநகர் போர்ட் லூயிசைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். கல்தச்சர், கொத்தனார் எல்லாம் தமிழர். கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பலில் 36 ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கியது 1834 நவம்பர் 2. இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டு. முதலில் வந்தவர் மொழிக்கு முன் வரி. அதனால்தான் இரண்டாவது வரி.

சில்லறை:
வந்த வரிசைன்னா 1598இல் கால் வெச்ச டச்சுக்காரன் மொழி முதல் வரியில இருக்கணும். அவன் 1710இல் காலி பண்ணிட்டுப் போயிட்டான், விடுங்க. மடகாஸ்கர், மொசாம்பிக் கரையிலேர்ந்து அடிமைகளாக் கொண்டுவந்த ஜனங்க? அவங்க வழியா உருவான கிரியோல் இன்னைக்கு நூத்துக்கு 80 வீட்டுக்கு மேல பேசுற மொழி. நோட்டுல ஒரு வரி இல்ல. பிரெஞ்சு? நோட்டுல இல்ல. பேப்பர் பூரா பிரெஞ்சு, கடைவீதி பூரா கிரியோல். 25 ரூபாய் நோட்டுல சீன வம்சாவளித் தலைவர் மொய்லின் ஜான் ஆ-சுவென் படம் இருக்கு, சீன எழுத்து இருக்கா? அந்தத் தமிழ் வரியை வாய்விட்டுப் படிக்கத் தெரிஞ்ச தமிழ் வம்சாவளிக்காரங்களே அங்க கொஞ்சம் பேர்தான். வீட்டு மொழி கிரியோல் ஆகித் தலைமுறைகள் ஆச்சு, தமிழ் பள்ளியில விருப்பப் பாடம்.

வைகைக்கரையான்:
இந்தி மட்டும் அங்கே யார் வீட்டு மொழி? வந்தவர்கள் பேசியது போச்புரி. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை தரும் நாடு அது. 100 ரூபாய் நோட்டில் யார் படம்? ரங்கநாதன் சீனிவாசன். தமிழர். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் யார்? வீராசாமி ரிங்காடு, 1992.

சில்லறை:
ரிங்காடு அந்தப் பதவியில இருந்தது 1992 மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும். அதுக்கு முன்னாடி கவர்னர் ஜெனரலா இருந்தவர், குடியரசு ஆனதும் அப்படியே மாறினார். நாலு மாசத்தை வெச்சு ஆட்சி மொழி நிரூபிக்கிறீங்க. போன மாசம் ரீயூனியனைத் தனி நாடுன்னு சாதிச்சவர்தானே நீங்க? அது பிரான்சோட மாவட்டம்னு எட்டு பேர் சொல்லியும் கேட்கல.

வைகைக்கரையான்:
அதை இங்கே இழுக்க வேண்டாம். அங்கே நான் சொன்னது வேறு. முதலில் நாட்டின் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்: மொரிசியசு. ஷ, ஸ் போட்டுத் தமிழுக்காக வாதாட வந்துவிட்டார்.

சில்லறை:
நான் தமிழுக்காக வாதாட வரல, தப்பான படத்துக்கு எதிரா வந்தேன். கொஞ்சம் முன்னாடி 'அட்லஸ்'னு எழுதினப்ப ஸ் எங்கேர்ந்து வந்துச்சு?

பழைய தாள்:
சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம். 1998 நோட்டுன்னு சொல்லி இணையத்துல நிறைய விக்கிறாங்க. வாங்குறவங்க ரெண்டையும் ஒரே படத்துல கேளுங்க: அச்சான வருஷம், மொழி வரிசை. வருஷம் 1998ஆ இருந்து, ஆங்கிலத்துக்கு அடுத்து தேவநாகரி (இந்தி எழுத்து) இருந்தாத்தான் அது திரும்பப் பெற்றது. பலபேர் வருஷத்தை வெட்டிட்டுப் படம் போடுறாங்க, ஏன்னா தலைவர் படங்கள் பின்னாடி வந்ததுலயும் அதேதான். பிளாஸ்டிக் மாதிரி வழவழன்னு இருந்தா பேச்சே வேண்டாம். 25, 50, 500 பாலிமருக்கு மாறினதே 2013இல்.

சில்லறை:
இவர் ஒருத்தர்தான் உருப்படியா எழுதினார்.

யாழிசை:
உண்மையான அதிகாரம் எங்க இருக்குன்னு பார்த்தா நோட்டுல இல்ல, தேர்தல்ல இருக்கு. அங்க பேரவைக்கு 62 பேர் நேரடித் தேர்வு, 20 தொகுதிக்கு மும்மூணு, ரொட்ரிக்சுங்கிற சின்னத் தீவுக்கு ரெண்டு. அதுக்கு மேல தோத்தவங்கள்லேர்ந்து 8 இடம் வரைக்கும். முதல் நாலுக்கு ஒவ்வொரு சமூகத்தோட மக்கள்தொகையையும் (கையில் இருக்கிற இடம் + 1) ஆல வகுக்கணும். எந்தச் சமூகத்துக்கு ஈவு பெருசா வருதோ, அதுல தோத்தவங்கள்ல நல்லா வாக்கு வாங்கினவருக்கு இடம். கடைசி நாலு, கட்சிக் கணக்கு ஆடிப்போகாம இருக்க. இதுல தமிழர் தனிச் சமூகமே இல்ல. இந்து, முஸ்லிம், சீனர், மிச்ச எல்லாரும் 'பொது மக்கள்'னு நாலே பிரிவு. தமிழர் இந்துக் கணக்குல. அதுவும் இன்னும் 1972 கணக்கெடுப்பை வெச்சுத்தான், அதுக்கப்புறம் சமூகம் எதுன்னு கேட்கவே இல்ல. வரியைப் பத்தி இவ்வளவு பேசுறவங்க இதைப் பத்தி ஏன் பேச மாட்டேங்குறீங்க?

வைகைக்கரையான்:
நல்ல தகவல், தங்கையே. ஆனால் தேர்தல் கணக்கில் தனி இடம் இல்லாத மக்கள் நோட்டில் இரண்டாவது வரியைக் காப்பாற்றினார்கள் என்றால் அதன் பெருமை இன்னும் கூடுகிறது. என் கட்சிக்குத்தான் வலு.

சில்லறை:
எந்தப் பக்கம் விழுந்தாலும் இவர் மீசையில மண் ஒட்டாது. யாழிசை, ஒரு திருத்தம்: ரொட்ரிக்சும் தொகுதிதான், 21ஆவது. "20 தொகுதி"ன்னா பெரிய தீவுல மட்டும்.

யாழிசை:
அதையேதானே எழுதியிருக்கேன்? ரொட்ரிக்சைத் தனியாத்தானே சொன்னேன்?

சில்லறை:
தெளிவா எழுதல. சரி, வைகைக்கரையான், மறுபடியும் கேட்கிறேன்: நாணயத்துல தமிழ் எங்கே?

வைகைக்கரையான்:
நோட்டைப் பாருங்கள். இரண்டாவது வரி.

சில்லறை:
காசைக் கேட்டா நோட்டைக் காட்டுறார். அந்தப் படத்தை இன்னும் எடுக்கல, பார்த்தீங்களா?

வைகைக்கரையான்:
எடுக்க மாட்டேன். இப்போது பெரிதாக்கிப் போடுகிறேன்.